முதல் நூலோடு ஊர் ஊராகப் போகிறீர்களா? பெட்டியில் எதை ஏற்றுவது, கிண்டிலில் எதை ஏற்றுவது

அச்சகத்திலிருந்து நூல் வந்து இறங்கிய வாரத்திலேயே புதிதாக எழுதுகிறவர்கள் கேட்கிற கேள்வி இது. ஊர் ஊராகப் போய் அறிமுகம் செய்யப் போகிறோம், பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா, இல்லை மின்னூலாகப் போட்டுவிட்டு, அமேசானின் மின்னூல் கருவியான கிண்டில் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனால் போதுமா? நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். எல்பில், டோவன்பி, கமுனிங் என்று சுற்றிலும் தோட்டப் பெயர்கள். ரப்பர்ப் பால்மரம் போய் எண்ணெய்ப்பனையான செம்பனை வந்து, லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்களில் பலர் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு மாறிவிட்ட ஊர். இங்கிருந்து ஈப்போவுக்கும் தெலுக் இந்தானுக்கும் சுங்கை பட்டாணிக்கும் கிள்ளானுக்கும் நூலோடு போய் வந்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்கு இல்லை. தாள் நூல் உங்கள் எதிரே வந்து நிற்கிறவருக்கு. மின்னூல் அந்த மண்டபத்துக்கு வர முடியாதவருக்கு, அதாவது சிங்கப்பூரில் வேலை செய்கிற மகளுக்கும் கோலாலம்பூரில் இருக்கிற பேரனுக்கும். கிண்டில் என்கிற கருவி உங்களுக்கு. இந்தப் பிரிவினை மனதில் இருந்தால் எதை எத்தனை எடுப்பது என்பது தானாக வந்துவிடும்.

பெட்டி கட்டுவதற்கு முன் போன் போடுங்கள்

ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியவை: எங்கே நடக்கிறது, யார் வருகிறார்கள், அன்று வேறு எழுத்தாளர்களின் நூல்களும் விற்பனைக்கு உண்டா. "எத்தனை பேர் வருவார்கள்" என்று மட்டும் கேட்டால் பயனில்லை. கோயில் மண்டபம் என்றால் குடும்பமாக வருவார்கள், நான்கு நாற்காலிக்கு ஒரு நூல்தான் போகும். தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஆசிரியர்கள் ஆளுக்கொன்று வாங்குவார்கள், தலைமையாசிரியர் பள்ளி நூலகத்துக்கென்று தனியாகக் கேட்கவும் கூடும், அதற்கும் சில பிரதிகள் கையில் இருக்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அவர்கள் வாங்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள், அவர்களுக்குத்தான் மின்னூல் இணைப்பு.

வெளியீட்டு விழா வேறு, அறிமுகக் கூட்டம் வேறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் வெளியீட்டு விழாவில் முதல் பிரதியை டத்தோ பட்டம் பெற்ற பிரமுகரோ ஊர்ப் பெரியவரோ வாங்குவார், விலையைவிடப் பல மடங்கு கொடுத்து. அப்புறம் மற்றவர்கள் பணம் வைத்த உறையோடு வரிசையில் வருவார்கள், உங்கள் கையால் நூலை வாங்கி ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அச்சுச் செலவு பெரும்பாலும் இந்த வரிசையில்தான் திரும்பி வருகிறது. இந்த வரிசையில் நிற்கிறவரிடம் இணைப்பு அனுப்புகிறேன் என்று சொல்ல முடியாது, அவர் வந்ததே உங்கள் கையிலிருந்து வாங்க. அதனால் சொந்த ஊர் வெளியீட்டுக்கு நூல் தாராளமாக இருக்கட்டும், மிஞ்சினால் வீடு பக்கத்தில்தானே. வெளியூர் அறிமுகத்துக்குக் கணக்குப் பார்த்து எடுங்கள்.

தோட்டத்து ஆட்கள் நூல் வாங்கும் விதத்தை ஒருமுறை கவனித்துப் பார்த்தால் தாள் ஏன் வேண்டும் என்பது விளங்கிவிடும். ஓர் அம்மா மேசைக்கு வருவார். நூலை எடுத்ததும் முதலில் பின்னட்டையைத் திருப்பி உங்கள் படத்தைப் பார்ப்பார், உங்கள் முகத்தைப் பார்ப்பார், "நீங்க எந்தத் தோட்டம்?" என்பார். நீங்கள் பதில் சொல்லச் சொல்ல, விரலை நாக்கில் தொட்டுப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே தனக்குத் தெரிந்த பெயர் எங்காவது வருகிறதா என்று தேடுவார். தோட்ட மேற்பார்வையாளரான ஒரு மண்டோர் பெயரோ ஒரு ஆற்றுப் பாலமோ கண்ணில் பட்டுவிட்டால் விலையே கேட்க மாட்டார், பணத்தை எடுத்துவிடுவார். இந்தத் தேடலைக் கிண்டிலில் செய்யச் சொல்லி அவரிடம் நீட்ட முடியாது.

எடையை நீங்களே கணக்குப் போடுங்கள்

ஜிஎஸ்எம் என்று அச்சகத்தில் சொல்வது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். டெம்மி அளவு, அதாவது 14க்கு 21.5 செ.மீ., 80 ஜிஎஸ்எம் தாள் என்றால் ஓர் இதழ் 2.4 கிராம் வரும். 200 பக்க நூலுக்கு 100 இதழ், அட்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 250 கிராம். நாற்பது பிரதி 10 கிலோ. இந்தக் கணக்கை உங்கள் நூலுக்குப் போட்டுப் பார்த்து ஒரு தாளில் எழுதிப் பெட்டி மூடியிலேயே ஒட்டிவிடுங்கள்.

2021இல் வந்த கிண்டில் பேப்பர்வைட் 205 கிராம், உங்கள் நூலின் ஒரு பிரதியைவிடக் குறைவு, அதற்குள் ஒரு நூலகமே அடங்கும். எடை ஒன்றுதான் கணக்கு என்றால் பேச்சே இல்லை, கிண்டில்தான். ஆனால் நீங்கள் போவது விற்க.

எதில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பிரியுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் போனால் இருபது பிரதிக்கு மேல் கட்டாதீர்கள், செம்மண் சாலையில் பெட்டி ஆடி ஆடி நூலின் மூலைகள் நசுங்கிவிடும். ரயிலில் என்றால் ஒரே பெரிய பெட்டி வேண்டாம், இரண்டு பையாகப் பிரித்து இரண்டு கையிலும் சமமாகத் தூக்குங்கள். படி ஏறி இறங்கும்போது முதுகு தாங்கும். ஜொகூர் மாதிரித் தூரம் என்றால் ஒரு வாரம் முன்னதாகவே ஏற்பாட்டாளர் வீட்டுக்கு அஞ்சலில் அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்ததா என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அப்போதும் ஐந்து பிரதியாவது உங்கள் பையில் இருக்க வேண்டும். பெட்டி வராவிட்டாலும் மேடையில் வெளியிடவும் சிறப்பு விருந்தினருக்குக் கொடுக்கவும் அது போதும்.

நூல் வெளிவந்ததும் தேசிய நூலகத்துக்குச் சட்டப்படி ஐந்து பிரதிகள் கொடுக்க வேண்டும், 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் அது. அந்த ஐந்தையும் பயணப் பெட்டியில் சேர்க்காமல் முதல் நாளே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணும் அங்கேதான் வாங்குவோம், தாள் நூலுக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று. கிண்டிலில் மட்டும் போடுவதானால் அமேசான் தன் சொந்த எண் ஒன்றைக் கொடுத்துவிடும், ஐஎஸ்பிஎன் கட்டாயமில்லை.

மழையும் வெயிலும்

பேராக்கில் சாயங்கால மழையை நம்பி வெளியே போக முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். பத்துப் பத்து நூலாகப் பிளாஸ்டிக்கில் சுற்றி, அப்புறம் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டியை மட்டும் சுற்றினால் மண்டபத்தில் பிரித்த பிறகு மிஞ்சியவை நனைந்துதான் வீடு திரும்பும். மண்டபத் தரையில் பெட்டியை நேராக வைக்க வேண்டாம், ஒரு நாற்காலி மேல் வையுங்கள்.

வெயில் தாளுக்கும் கருவிக்கும் பொதுவான எதிரி. இப்போது வரும் நூல்கள் பெரும்பாலும் பசை போட்டு ஒட்டியவை. நிறுத்தி வைத்த காடிக்குள், அதாவது காருக்குள், மதியம் முழுக்க வைத்தால் பசை இளகி, அட்டை வளைந்து, மேசையில் வைத்தால் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். கிண்டில் 35 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் இயங்க ஏற்றது, மூடிய காடியின் உள்ளே அதைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. சாப்பிட இறங்கினால் கிண்டில் உங்களோடு இறங்கட்டும். நூல் பெட்டியை நிழலில் நிறுத்தியாவது காப்பாற்றுங்கள்.

மேடையில் வாசிக்கக் கிண்டில்

புது எழுத்தாளர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான், ஏனென்றால் கிண்டிலை வாசிக்கிற கருவியாக மட்டும் நினைக்கிறோம், மேடைக்கு அது எவ்வளவு உதவும் என்று யோசிப்பதில்லை. தோட்ட மண்டபங்களில் மேடை விளக்கு பெரும்பாலும் தலைக்குப் பின்னால் இருக்கும், பக்கத்தில் ஒரு பெரிய நிற்கும் காற்றாடி சுழலும். தாள் நூலைப் பிடித்தால் உங்கள் நிழலே பக்கத்தில் விழும், காற்றில் தாள் படபடக்கும், ஒலிவாங்கியில் அந்தச் சத்தமும் கேட்கும். முன்விளக்கு உள்ள கிண்டிலில் எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கிக்கொண்டால் கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம், ஒரு கை ஒலிவாங்கிக்கு மிஞ்சும்.

இதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். கருவியின் ஓரச் சட்டத்தைப் பிடியுங்கள், கட்டைவிரல் திரையில் பட்டால் பக்கம் ஓடிவிடும். சில நிமிடம் தொடாமல் பேசிக்கொண்டே இருந்தால் திரை தூங்கிப் போகும். இடையில் கதை சொல்லப் போகிறீர்கள் என்றால் அவ்வப்போது ஒரு பக்கம் முன்னே போய்ப் பின்னே வாருங்கள். கடவுச்சொல் பூட்டை அன்றைக்கு மட்டும் எடுத்துவிடுங்கள். வாசிக்கப் போகிற பகுதிகளை முதல் நாள் இரவே குறியிட்டு வையுங்கள், அதுவும் ஊரைப் பார்த்து: தெலுக் இந்தானில் ஆற்றங்கரை அத்தியாயம், கிள்ளானில் துறைமுகம் வருகிற அத்தியாயம் என்று. நூலில் தங்கள் பக்கத்து இடம் வருவதை உங்கள் குரலில் கேட்டவர்கள்தான் கூட்டம் முடிந்ததும் முதலில் மேசைக்கு வருவார்கள்.

ஒன்று மட்டும் கவனம். "53ஆம் பக்கத்தைத் திறங்கள்" என்று கூட்டத்துக்குச் சொல்ல வேண்டுமானால் எழுத்தைப் பெரிதாக்கிய கிண்டிலைப் பார்த்துச் சொல்ல முடியாது. பக்க எண்களைத் தாள் நூலில் பார்த்து ஒரு சிறு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் தாள் பிரதி ஒன்று எப்போதும் உங்கள் முன் நிமிர்ந்து நிற்கட்டும், அட்டை கூட்டத்தைப் பார்த்தபடி. நீங்கள் வாசிக்கும் நேரம் முழுக்க அவர்கள் கண்ணில் அந்த அட்டை பட வேண்டும்.

மின்னூலைச் சரியாகச் செய்யுங்கள்

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அச்சகத்தில் கேட்டால் பிடிஎஃப் கொடுப்பார்கள். டெம்மி அளவுப் பிடிஎஃபை ஆறு அங்குலத் திரையில் திறந்தால் எழுத்து எறும்பு மாதிரி தெரியும், பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் திரையை இழுக்க வேண்டும். வேண்டியது இபப் (EPUB) கோப்பு, அதில்தான் எழுத்தின் அளவுக்கேற்ப வரிகள் தாமாக மடங்கும்.

இபப் செய்யப் போனால் அடுத்த சிக்கல் எழுத்துரு. பழைய மென்பொருளில், பாமினி மாதிரி எழுத்துருவில் தட்டச்சு செய்த நூல் தாளில் அழகாக வரும், ஆனால் கோப்புக்குள் இருப்பது தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டு வைத்திருப்பார்கள். கிண்டிலில் ஏற்றினால் குப்பையாகக் கொட்டும். தட்டச்சு செய்யும்போதே யூனிகோடில் செய்துவிடுங்கள். முரசு அஞ்சல், செல்லினம் என்கிற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் பிறந்த நாட்டில் இருக்கிறோம், அவற்றை உருவாக்கிய முத்து நெடுமாறன் கேரித் தீவுக்காரர், தமிழைக் கணினிக்கும் கைப்பேசிக்கும் கொண்டுபோன வேலையில் ஒரு பங்கு இங்கேயே நடந்தது. அந்த வசதி கையில் இருக்கும்போது பழைய எழுத்துருவில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஏற்கனவே பழைய எழுத்துருவில் முடித்துவிட்டீர்கள் என்றால் மாற்றித் தருகிற நிரல்கள் இருக்கின்றன, ஆனால் மாற்றிய பிறகு முழு நூலையும் ஒருமுறை மெய்ப்புப் பார்க்காமல் வெளியிடாதீர்கள். கொம்புகளும் துணைக்கால்களும் இடம் மாறி நிற்கும்.

அடுத்தது வாழ்த்துரைகள். நம் நூல்களில் டத்தோ வாழ்த்துரை, சங்கத் தலைவர் வாழ்த்துரை, தலைமையாசிரியர் அணிந்துரை, அப்புறம் என்னுரை, நன்றியுரை என்று நூல் தொடங்கவே இருபது பக்கம் ஆகும். தாள் நூலில் அது சரி, மரியாதை, அவர்களும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அமேசானில் வாசகருக்கு இலவச மாதிரியாகக் காட்டுவது நூலின் முதல் பத்து விழுக்காட்டைத்தான். 200 பக்க நூலில் முதல் இருபது பக்கம். கதையின் ஒரு வரிகூடப் படிக்காமல் மாதிரி முடிந்துவிடும். மின்னூலில் உரைகளையெல்லாம் கடைசிக்குக் கொண்டுபோங்கள். எழுதிக் கொடுத்தவர்களிடம் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

பணக் கணக்கும் சுருக்கமாக. அமேசானில் தமிழ் மின்னூல் நீங்களே பதிப்பிக்கலாம். உரிமைத்தொகை 35 அல்லது 70 விழுக்காடு, நீங்கள் வைக்கும் விலையையும் வாங்குகிறவர் இருக்கும் நாட்டையும் பொறுத்தது. செலக்ட் என்கிற திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளைக்கு மின்வடிவத்தை வேறெங்கும் கொடுக்கக் கூடாது, புலனத்தில் நண்பர்களுக்கு இபப் அனுப்புவதும் அதில் அடக்கம். தாள் நூலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, எங்கு வேண்டுமானாலும் விற்கலாம்.

மேசை

மண்டபத்தில் வைத்து மின்னூல் விற்க முயல வேண்டாம். கணக்கு வேண்டும், வங்கி அட்டை வேண்டும், உட்புறத் தோட்டமாக இருந்தால் கைப்பேசிக்கு அலை கிடைப்பதே பெரிய பாடு, அந்த நேரத்தில் வரிசையில் நிற்கிற ஐந்து பேர் போய்விடுவார்கள். அதற்குப் பதிலாக ஒரு பக்கக்குறி அட்டை அடித்து, அதில் அட்டைப்படமும் மின்னூலுக்கான கியூஆர் குறியும் போட்டு ஒவ்வொரு தாள் நூலுக்குள்ளும் வைத்துவிடுங்கள். வாங்கிய அம்மா வீட்டுக்குப் போய் அதைப் படம் எடுத்துச் சிங்கப்பூர் மகளுக்கு அனுப்புவார். வாங்காமல் போகிற மாணவனுக்கும் ஓர் அட்டை கொடுங்கள்.

கண் பார்வை மங்கிய பெரியவர்கள் நூலை எடுத்துப் பார்த்துவிட்டு "எழுத்துப் பொடியா இருக்கு" என்று வைத்துவிடுவார்கள். அப்போது மட்டும் உங்கள் கிண்டிலை எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, அவர் கையில் கொடுங்கள். ஒரு பக்கம் படிக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். வாசிப்பை விட்டுப் பல காலம் ஆனவர்கள் பெரிய எழுத்தில் ஒரு பத்தியைத் தடையில்லாமல் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது, அவர்களுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்பது கூட வந்த பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். அச்சில் 12 புள்ளிக்குக் குறையாமல் எழுத்து வைப்பதும் இவர்களுக்காகத்தான், பக்கம் கூடினாலும் பரவாயில்லை.

விலையை ஒரே நோட்டில் முடிகிற மாதிரி வையுங்கள், 20 வெள்ளி (ரிங்கிட்) என்றால் சில்லறைத் தொல்லை இல்லை. கைப்பேசியில் பணம் கட்டுவதற்கான டூயிட்நௌ கியூஆர் குறியைத் தாளில் அச்சடித்து மேசையில் ஒட்டுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி ரொக்கச் சில்லறை இல்லாமல் போகாதீர்கள். கையெழுத்துக்கு வழவழப்பில்லாத தாளில் ஒரு வெற்றுப் பக்கம் விட்டு அச்சடிக்கச் சொல்லுங்கள், பளபளக்கும் தாளில் மை இழுபடும். பெயரைக் கேட்டு, எழுத்துக்கூட்டி உறுதி செய்துகொண்டு எழுதுங்கள்.

விமானத்தில் போவதானால்

ஏர் ஏசியாவில் கைப்பை 7 கிலோதான், துணிமணி போக இருபது பிரதி எடுத்தாலே பெரிது. மீதியைச் சரக்குப் பெட்டியில் போட எடைக்கு முன்கூட்டியே பணம் கட்டுங்கள், நிலையத்தில் கட்டினால் அதிகம். கிண்டிலும் பவர் பேங்க்கும் கையோடு போகட்டும். பவர் பேங்க்கைச் சரக்கில் போடக் கூடாது.

போகிற ஊரில் எழுதுகிறவர்கள் இருப்பார்கள், தங்கள் நூலைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். விற்றுக் காலியான பெட்டியில் அவர்கள் நூல்கள் ஏறும், அதற்கு இடம் வையுங்கள், முடிந்தவரை காசு கொடுத்தே வாங்குங்கள், நாமும் அதே வரிசையில் நிற்கிறவர்கள். வழியில் உங்கள் வாசிப்புக்குக் கிண்டில் இருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்திலிருந்து எத்தனையோ நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, கிளம்பும் முன்னாலேயே வீட்டு இணையத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரசீதுப் புத்தகம் ஒன்றும் பெட்டியில் போடுங்கள். வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 வெள்ளி வரை உண்டு, புத்தகம் வாங்கிய செலவும் அதில் சேரும், ஆசிரியர்கள் கட்டாயம் ரசீது கேட்பார்கள். நூலின் பெயர், விலை, தேதி, உங்கள் கையெழுத்து நான்கும் அதில் இருக்கட்டும்.